பதினொரு பேரும் ஓர் ஓலை நாரும்

சென்ற மாதம் பிரியா போனில் கூப்பிட்டு, இறாலோடு போகும் சீட்டு ஒன்றில் தப்பு இருக்கிறது என்றாள். தோணிரேவில் நான் வேலை பார்த்த இறால் ஷெட்டில் இப்போது தரம் பார்ப்பவள் அவள்தான். புதிதாக வந்திருக்கும் சென்னைக் கம்பெனி, கடந்த இரண்டு ஆண்டுச் சீட்டுகளையும் போனில் ஏற்றச் சொல்லியிருக்கிறது. வரிசையாக ஏற்றிக்கொண்டு வந்தவள் ஒரு சீட்டில் நின்றுவிட்டாள்.

“கன்னியம்மா அக்கா கூட்டம் எல்லா நாளும் பதினொரு பேர் சார். ஒரே ஒரு நாள் பன்னெண்டுனு இருக்குது. கீழ உங்க கையெழுத்து. நீங்க வேலையில இருந்த கடைசி நாள் அது. பதினொன்னுனு மாத்திடட்டுமா?”

மாற்ற வேண்டாம் என்றேன்.

அவளிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. அந்தப் போன் இறால் பிடிக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தனி எண் கேட்கிறது. எங்கள் சீட்டில் கூட்டத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. ஏன் அப்படி விட்டீர்கள் என்று கேட்டாள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், போனில் சொல்லி முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது, சின்ன ஷெட்டுகளில் தரம் பார்க்கும் மற்றவர்களும் இதைப் படிக்கலாம் என்று தோன்றியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் பயிற்சி பெரிதல்ல. கல்லூரியில் விலங்கியல் படித்தேன். வேலை கிடைக்காத இரண்டு ஆண்டுகள் பொன்னேரியிலிருந்து ஒரு மாலைப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினேன். யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி என்ற ஐந்தில் ஒன்று குறைந்தாலும் செய்தி குப்பைக்கூடைக்குப் போகும் என்பதை அங்கே கற்றேன். பிறகு ஆறு மாதம் மீன் பதனிடும் பயிற்சி, சென்னையில் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் நான்கு ஆண்டு வேலை. திருமணம் ஆனதும் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடினேன். வீடு திருப்பாலைவனம். பழவேற்காடு பஸ் வாசலில் நிற்கும். அந்த பஸ்ஸில் ஏறித்தான் சூசை அண்ணனின் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஷெட் என்றால் தகரக்கூரை, சிமெண்ட் தரை, நான்கு ஸ்டீல் மேசை, ஐஸ் உடைக்கும் மெஷின் ஒன்று. தரம் பிரிக்க ஆறு பெண்கள். வலைக்காரர்கள் பிளாஸ்டிக் டப்பில் இறால் கொண்டுவருவார்கள். கொட்டி, கழுவி, அளவு வாரியாகப் பிரித்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்தால் சாயங்காலம் சென்னைக் கம்பெனியின் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும்.

முதலாளி சூசை அண்ணன் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கை கழுவப் போவார். இரண்டு முறை சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டுத் திரும்பி வருவார். அதற்குள் தப்புச் செய்தவனுக்கு வியர்த்திருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சாதாரணமாக என்னை ‘நைனா’ என்பார். அவர் வாயில் ‘சார்’ என்று வந்துவிட்டால் எனக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு வலைக்காரரின் டப்பிலிருந்து இறால் ஒன்றை எடுத்தார். தலையும் உடம்பும் சேரும் இடத்தில் வளைத்துப் பார்த்தார். முகர்ந்து பார்க்காமல் என்னிடம் நீட்டி, “மொதல்ல உன் மூக்கு, அப்புறம் என் மூக்கு” என்றார். நான் முகர்ந்து, நேற்றைய சரக்கு என்றேன். அவரும் முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார். பின்னால் இதன் பொருள் புரிந்தது. முதலாளி முதலில் முகர்ந்து நல்லது என்று சொல்லிவிட்டால் அப்புறம் எவன் மூக்கும் வேலை செய்யாது. முப்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூட எனக்கு முன்னால் அவர் தீர்ப்புச் சொன்னதில்லை.

ஐஸ் போதுமா என்பதை அவர் கையால்தான் பார்ப்பார். பெட்டிக்குள் கையை விட்டுப் பத்து வரை எண்ணுவார். பத்து வரை தாங்கினால் ஐஸ் போதாது. நான் தெர்மாமீட்டர் கொண்டுவந்தேன். அவர் மறுக்கவில்லை. ஒரு மாதம் இரண்டையும் வைத்துப் பார்ப்போம் என்றார். மாதம் முழுக்க அவர் கையும் தெர்மாமீட்டரும் ஒன்றையே சொல்லின. ஒரே ஒரு நாள் வித்தியாசம் வந்தது. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். மறுநாளிலிருந்து தெர்மாமீட்டரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

சீட்டு நான் கொண்டுவந்தது. உள்ளங்கை அளவு அட்டையில் பத்திரிகையில் கற்ற அதே ஐந்து கேள்விகள். யார் பிடித்தது, என்ன இறால், எங்கே பிடித்தது, எப்போது வந்தது, எப்படி வந்தது. இறால் கொட்டப்படும் இடத்திலிருந்து பெட்டி மூடும்வரை பிளாஸ்டிக் உறைக்குள் இந்தச் சீட்டு கூடவே போகும். ஒரு பெட்டியில் குறை வந்தால் அது யாருடைய சரக்கு என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். மேசைப் பெண்கள் இதற்கு ஜாதகம் என்று பெயர் வைத்தார்கள். இறாலுக்குக் கல்யாணம் எப்போ சார் என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வலைக்காரர்கள் தவிர எங்களுக்குச் சரக்குக் கொடுத்த இன்னொரு கூட்டம் கன்னியம்மாவுடையது. பதினொரு பேர், எல்லோரும் பெண்கள். வலை இல்லை, படகு இல்லை. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக உட்கார்ந்து நகர்ந்துகொண்டே சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி என்று சொல்லும் அந்தக் கூடை பனை ஓலையில் பின்னியது, வாய் குறுகலானது. பிடித்த இறால் உயிரோடு அதற்குள் போகும். வலையில் நசுங்காத, கால் உடையாத இறால் அது. சூசை அண்ணன் அதைத் தனி மேசையில் வைத்துப் பிரிக்கச் சொல்வார்.

கரையேறியதும் பதினொரு பேரும் பறிகளை ஒரே அண்டாவில் கவிழ்ப்பார்கள். யார் எவ்வளவு பிடித்தது என்ற பேச்சே கிடையாது. வீட்டுக்கு வைத்துக்கொள்வதை ஈரத்துணியில் கைப்பிடி கைப்பிடியாகப் பதினொரு குவியலாகப் பிரிப்பார்கள். மிச்சம் ஷெட்டுக்கு வரும். தண்ணீரில் இறங்கியவர்கள் எல்லோருக்கும் சமபங்கு, அவ்வளவுதான் அவர்கள் சட்டம்.

இனி, நான் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆன ஒரு கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சென்னைக் கம்பெனியிலிருந்து முதல் புகார் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பெட்டி ஒன்றில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் ஓலை நார் இருந்ததாகச் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டோம். மூன்றே வாரத்தில் இரண்டாவது புகார். இந்த முறை போனில் பேசியது கம்பெனியின் தர அதிகாரி லதா மேடம். சொற்களை எண்ணிப் பேசுகிறவர். ஓலைக்கூடையில் வரும் இறாலை இனிமேல் எங்கள் பெட்டியில் சேர்க்காதீர்கள், அடுத்த வெள்ளிக்கிழமை நானே வருகிறேன், அதற்குள் இதற்கு வழி செய்யாவிட்டால் உங்கள் ஷெட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றார். நார் ஒன்றை உறையில் போட்டு வண்டியோடு அனுப்பியும் வைத்திருந்தார்.

ஊரில் ஓலைக்கூடை வைத்திருப்பது கன்னியம்மா கூட்டம் மட்டும்தான். நார் அவர்களுடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கும்தான். நாங்கள் வாங்காவிட்டால் அவர்களுக்கு இருந்தது ஒரு சைக்கிள் வியாபாரி. அவன் சொன்னதுதான் விலை. அந்தப் பதினொரு அடுப்பும் எங்கள் ஷெட்டை நம்பி இருந்தன என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அவசரப்பட்டேன்.

மறுநாளே பொன்னேரிக் கடைத்தெருவில் பதினொரு பிளாஸ்டிக் கூடை வாங்கினேன். பூக்காரிகள் வைத்திருப்பார்களே, கைப்பிடி போட்ட சிவப்புக் கூடை, அது. கரையில் நின்று ஆளுக்கொன்று கொடுத்தேன். கன்னியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். தரம் பார்க்கிறவன் என்பதால் எனக்கு அவள் வைத்த பெயர் கோலிட்டி.

“கோலிட்டி அண்ணா, இத கடிச்சிக்கினு நாலு மணி நேரம் தண்ணில இருக்கணும். பல்லு உன்னுதா, என்னுதா?”

கடித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். பதினொரு பேரும் ஒன்றாகத் திரும்பி, அப்படியானால் வா என்றார்கள். பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சிவப்புக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். சுருட்டியதில் ஒரு பயனும் இல்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் கண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் கைப்பிடி ஈறைக் கிழித்தது. கூடை தண்ணீரில் நிற்காமல் கவிழ்ந்துகொண்டே இருந்தது. கூடையின் கண்களில் இறாலின் காலும் மீசையும் மாட்டி உடைந்தன. ஓலைப்பறி ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகும், பல் அதில் பதியும், வாய் குறுகலாக இருப்பதால் உள்ளே போன இறால் வெளியே குதிக்காது. நான் ஒரே ஓர் இறால்தான் பிடித்தேன். அதுவும் கொம்பால் என் கட்டைவிரலைக் குத்திய பிறகுதான் அங்கே இருப்பது எனக்குத் தெரிந்தது. ஐயோ என்று வாயைத் திறந்தேன். கூடை மிதந்து போய்விட்டது. அதைப் பிடிக்க இரண்டு பேர் நீந்திப் போனார்கள். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் பறிகள் எல்லாம் தண்ணீரில் விழுந்தன.

கரையேறியதும் வழக்கம்போல ஈரத்துணி விரித்தார்கள். கன்னியம்மா குவியல் போட்டாள். எண்ணினேன், பன்னிரண்டு. கடைசிக் குவியலை என் பக்கம் தள்ளினாள்.

தரம் பார்க்கும் ஆள் யாரிடமும் இறால் வாங்கக் கூடாது, அது விதி என்றேன்.

“இது குடுக்கறதில்ல. பங்கு. தண்ணில எறங்கினல்ல?”

வேண்டாம் என்று மறுபடியும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. குவியலை அள்ளி அண்டாவிலேயே போட்டாள்.

“சரி. உன் பங்கு தண்ணிலயே கெடக்கட்டும். எங்க போவப் போவுது.”

பிளாஸ்டிக் கூடைத் திட்டம் அத்தோடு முடிந்தது. அடுத்து நான் யோசித்தது சீட்டுப்படி. பதினொரு பறியும் நாராக உதிர்வதில்லை, ஏதோ ஒரு பறிதான் நைந்துபோயிருக்கிறது, அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் போதும். இப்படித்தான் என் கணக்கு. ஆளுக்கொரு எண் போட்ட அட்டை கொடுத்து, அவரவர் பிடித்ததை அவரவர் தனித்தனியாக மேசையில் கொட்டச் சொன்னேன். கம்பெனிப் பெட்டியில் சேர்க்காமல் ஒவ்வொன்றையும் தனியே சோதித்தேன். ஒன்றிலும் நார் இல்லை. மறுநாள் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் யாரும் வரவில்லை.

மதியம் கன்னியம்மா மட்டும் வந்தாள். ஷெட்டுக்குள் ஏறாமல் வாசலில் நின்றாள். அவர்களில் தெய்வானை என்று ஒருத்தி, குழந்தை பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தவள். தண்ணீரில் அதிக நேரம் உட்கார முடியாது. அவள் பறியில் எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும். அது அந்தப் பத்துப் பேருக்கும் தெரியும், தெரிந்ததாக யாரும் காட்டிக்கொண்டதில்லை. நான் மேசை போட்டு, எண் போட்டு, ஷெட் முழுக்கப் பார்க்க அவளுடைய ஒரு பிடி இறாலைத் தனியாகக் கொட்ட வைத்திருந்தேன். வீட்டுக்குப் போனவள் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

“பதினோரு பேரா எறங்கி ஒரே ஆளா ஏறுவோம். நீ எங்கள பிரிச்சிட்ட” என்றாள் கன்னியம்மா. “அவ வராத எடத்துக்கு நாங்களும் வரல. சைக்கிள்காரன் கையில குடுத்துக்கறோம்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் என்னைக் கோலிட்டி என்று கூப்பிடவில்லை.

சூசை அண்ணன் கை கழுவப் போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். திரும்பி வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“சார், உங்களுக்கு யார் தப்புனு தெரியணுமா, எங்க தப்புனு தெரியணுமா?”

சீட்டின் முதல் வரியைக் காட்டினேன்.

“ஓல எங்கேருந்து வுழுதுனு பாருங்க சார். யார்னு தேடுனா ஆளுதான் கெடைப்பாங்க.”

ஒரே மூச்சில் இரண்டு சார். ஆனால் தரம் பார்க்கும் வேலையில் நான் கேட்ட மிகச் சரியான வாக்கியம் அது. நான்கு ஆண்டு பெரிய கம்பெனியில் இருந்தபோதும் எவரும் அதை அவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை. சீட்டின் முதல் வரியில் இருந்த ‘யார்’ என்பதை அடித்து, ‘எந்தக் கூட்டம், எத்தனை பேர்’ என்று எழுதினேன். பிரியா கேட்டதற்குப் பதில் இதுதான்.

பிறகு ‘எங்கே’ என்பதைத் தேடத் தொடங்கினேன். வீட்டிலிருந்து பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து துண்டுகளாகக் கிழித்தேன். இறால் கொட்டும் இடத்தில் ஒன்று, கழுவும் தொட்டியின் வடிகாலில் ஒன்று, நான்கு மேசைகளின் ஓரத்திலும் நான்கு, ஐஸ் போடும் இடத்தில் ஒன்று, பெட்டி மூடும் இடத்தில் ஒன்று. ஒவ்வொரு மணி நேரமும் துணியை எடுத்து வெளிச்சத்தில் விரித்து, கண்டதை எழுதினேன். முதல் நாள் நண்டின் கால், சிப்பித் துகள், ஒரு வளையல் துண்டு. வளையல் துண்டுக்குத் தனியாக ஒரு பஞ்சாயத்து நடந்தது, அது இங்கே வேண்டாம்.

இரண்டாவது நாள் பதினொன்றரை மணிக்கு மூன்றாம் மேசைத் துணியில் ஓர் ஓலை நார் கிடந்தது.

கன்னியம்மா கூட்டம் ஷெட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர்களுடைய இறால் ஒன்றுகூட அன்றைக்கு உள்ளே இல்லை. நாரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. தண்ணீரில் நான்கு மணி நேரம் ஊறிய கூடையிலிருந்து காய்ந்த நார் வராது. லதா மேடம் அனுப்பிய உறையைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே வெளிர் மஞ்சள், ஒரே அகலம். இரண்டிலும் நடுவில் ஒரு மடிப்புத் தடம். பறி பின்னும் ஓலையை அப்படி மடிப்பதில்லை.

மூன்றாம் மேசைக்கு நேர் மேலே பார்த்தேன்.

அங்கே ஒரு சிலுவை தொங்கியது. குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலில் கொடுக்கும் பனங்குருத்தை மடித்துச் செய்த சிலுவை. ஒவ்வோர் ஆண்டும் சூசை அண்ணன் தன் கையால் அதைச் செய்து அந்த உத்திரத்தில் கட்டுவார். நான் வருவதற்கு முன்பே உள்ள வழக்கம். அத்தனை ஆண்டும் விழாத நார் இந்தக் கோடையில் ஏன் விழ வேண்டும் என்று யோசித்தபோது, சிலுவைக்கு இரண்டடி தள்ளிச் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி கண்ணில் பட்டது. மேசைப் பெண்களின் வியர்வை இறாலில் சொட்டுகிறது, காற்று வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டு, ஏப்ரல் கடைசியில் மாட்டிய விசிறி.

சூசை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று அரைமணி நேரம் யோசித்தேன். கடைசியில் ஒரு சீட்டை எடுத்து நிரப்பினேன். என்ன: குருத்தோலை நார். எங்கே: மூன்றாம் மேசைக்கு மேல், உத்திரம். எப்போது: விசிறி மாட்டிய நாள் முதல். எப்படி: காற்றில் உதிர்ந்து. முதல் வரியைக் காலியாக விட்டு அவரிடம் நீட்டினேன்.

படித்தார். அண்ணாந்து பார்த்தார். கை கழுவும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகாமல் நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“நைனா, கடைசில சாமியவே மாட்டி வுட்டியா?”

அன்று மாலையே இருவரும் கன்னியம்மா வீட்டுக்கு நடந்தோம். பதினொரு பேரையும் கூப்பிடச் சொன்னார். தெய்வானை குழந்தையோடு கடைசியில் நின்றாள். சூசை அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே, ஓலை உங்களுடையது இல்லை, என்னுடையது, நான் கட்டிய சிலுவையிலிருந்து விழுந்தது என்றார். விசிறி மாட்டச் சொன்னது நான் என்றேன்.

கன்னியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஓல உன்னுது. காத்து இவருது. பட்டினி மட்டும் எங்களுதா?”

சூசை அண்ணன் தெய்வானை முன்னால் போய் நின்று, “நாளைக்கு வாம்மா, இனிமே யாரும் பிரிக்கமாட்டாங்க” என்றார். அவள் தலையாட்டியதும் கன்னியம்மாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. அந்தச் சிவப்புக் கூடைகளை என்ன செய்வது என்று கேட்டாள். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோழி அடை வைக்க நன்றாக இருக்கும், அது பல்லால் கடிக்காது என்றாள். வீடு திரும்பும்வரை சூசை அண்ணன் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை லதா மேடம் வந்தார். நடந்ததை அப்படியே சொல்லப் போகிறேன் என்று சூசை அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தார். இரண்டு புகாரும் எங்கள் ஷெட்டின் தப்பு என்று நாங்களே ஒப்புக்கொண்டால் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு மேடத்துக்கு வேறு காரணம் வேண்டாம். பழியைப் பறியின் மேலேயே போட்டு, பறியை நிறுத்திவிட்டோம் என்று சொன்னால் ஷெட் தப்பிக்கும். அந்த வழி இருந்தது என்பது சூசை அண்ணனுக்கும் தெரியும்.

சீட்டை மேடம் கையில் கொடுத்தோம். காலியாக இருந்த முதல் வரியில் சூசை அண்ணன் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தார். மேடம் படித்துவிட்டு, உங்கள் தப்பை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

“எழுதினது இவரு. பேரு என்னுது மேடம்” என்றார் சூசை அண்ணன்.

மேடம் இரண்டு நாரையும் வாங்கிப் பார்த்தார். உத்திரத்தைப் பார்த்தார். சிலுவை அப்போது நுழைவாசலுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. பிறகு கரைக்குப் போக வேண்டும் என்றார். கன்னியம்மா கூட்டம் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பறியை வாங்கித் தன் வெள்ளைக் கைக்குட்டையால் உட்புறத்தை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையை வெயிலில் விரித்துப் பார்த்தார். சேறு இருந்தது, நார் இல்லை. அடுத்த பறி, அதற்கடுத்தது. பதினொன்றையும் துடைத்தார். நான் என் வாழ்க்கையில் வேறு யாரையும் அப்படி நின்று பார்த்ததில்லை. கடைசிப் பறி தெய்வானையுடையது. அதையும் துடைத்துவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பறி இருக்கலாம், சீசனுக்கு ஒருமுறை புதிதாகப் பின்னியதாக இருக்க வேண்டும், முதல் நாள் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், மேசைக்கு மேலே எதுவும் தொங்கக் கூடாது. இவ்வளவுதான் அவர் சொன்னது. எங்கள் பெயர் பட்டியலில் இருக்கும் என்பதை அவர் சொல்லாமலே புரிந்துகொண்டோம். காரில் ஏறும் முன் நிரப்பாத சீட்டு ஒன்று கேட்டு வாங்கிப் போனார். மற்ற ஷெட்டுகளுக்கும் கொடுக்கப்போவதாகச் சொன்னார். சூசை அண்ணன் அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கினார். வடையை எடுக்கும் முன் ஆறு பெண்களும் வரிசையாக அதை முகர்ந்து, “மொதல்ல என் மூக்கு” என்றார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ நடந்தது. கம்பெனிகள் மாறின. ஷெட்டில் இப்போது எட்டு மேசை, குளிர் அறை ஒன்று. கூட்டத்தில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி வந்துவிடுவாள். சீட்டில் மட்டும் ‘கன்னியம்மா கூட்டம், 11’ என்பது மாறவில்லை. அதை நான் எழுதாத வேலை நாள் இல்லை.

என் கடைசி நாளில் பூமாலை, கேக் எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. மதியம் கூட்டம் வந்தது. கன்னியம்மா முன்னால் வந்தாள். இப்போது அவள் தண்ணீரில் கொஞ்ச நேரம்தான் உட்காருகிறாள், அவள் பறியிலும் கொஞ்சம்தான் இருக்கும், பங்கில் குறைவில்லை. நான் வழக்கம்போலச் சீட்டை எடுத்து, எந்தக் கூட்டம் என்பதை எழுதிவிட்டு எத்தனை பேர் என்று கேட்டேன்.

“பன்னெண்டு.”

நிமிர்ந்து எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். பதினொன்றுதான்.

“தப்பா எண்ற” என்றாள். தெய்வானையின் கையிலிருந்து ஒரு புதுப் பறியை வாங்கி என் மேசையில் வைத்தாள். உள்ளே ஈரத்துணியில் ஒரு குவியல் இறால், உயிரோடு துடித்தது. “தண்ணில கெடந்துச்சே, எடுத்துக்கினு வந்தோம். இன்னிக்கோட உன் விதி முடிஞ்சுதுல்ல?”

சூசை அண்ணன் தன் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து வந்தார். பறிக்குள் கைவிட்டு ஓர் இறாலை எடுத்தார். தலை சேரும் இடத்தில் வளைத்துப் பார்த்துவிட்டு, முகராமல் என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். ஏரியின் வாசனை மட்டும் இருந்தது. நல்லது என்றேன். அவரும் முகர்ந்துவிட்டு, “எழுது நைனா” என்றார்.

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே பிரியா, அந்தச் சீட்டில் தப்பு இல்லை. கூட்டத்துக்கு ஒரே எண் போதுமா என்று கம்பெனியில் கேட்டுப் பார், நல்லபடியாகச் சொன்னால் கேட்பார்கள். அந்த ஒரு நாளை மட்டும் பன்னிரண்டு என்றே ஏற்று. காரணம் எழுத அந்தப் போனில் கட்டம் இருந்தால், ‘அவரும் தண்ணீரில் இறங்கியவர்’ என்று போடு.